ஏலத்துக்கு வந்த மஞ்சள் விமானம்

கண்மாய்க்குள் பாதி நாள் கிரிக்கெட் ஆடிவிட்டு வருகிற ஆம்பளைகளைப் பார்த்து யாரும் "இது எதுக்கு?" என்று கேட்பதில்லை. பந்தல்குடி விலக்கில் உட்கார்ந்துகொண்டு தூத்துக்குடி ரோட்டில் போகிற லாரிகளுக்கெல்லாம் மார்க் போடுகிற பெரியவர்களையும் கேட்பதில்லை. நான் ஒரு விமானம் செய்தேன். என்னை அந்தக் கேள்வி கேட்காத வாய் எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை.

என் பெயர் ஜெப ஷீலா. அருப்புக்கோட்டையில் ஒரு பில்டிங் இன்ஜினியரிடம் பிளான் வரைகிறேன். பந்தல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அடுத்தவர்களுடைய வீட்டுக்கு ஹால், கிச்சன், பூஜை ரூம், வாஸ்துப்படி பாத்ரூம் என்று கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு மத்தியானம் ஆபீஸில் கரண்ட் இல்லாத நேரத்தில் போனில் ஒரு பழைய விமானத்தின் பிளானைப் பார்த்தேன். டைகர் மாத். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டடுக்கு இறக்கை. உலகப் போர்க் காலத்தில் பைலட்டுகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த விமானம். முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகள், முன்னால் வாத்தியார், பின்னால் படிக்கிறவர். வாத்தியார் இல்லாமல் தனியாக ஓட்டும்போதும் பைலட் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டுமாம், அப்போதுதான் எடை சரியாக நிற்குமாம். படித்த நிமிஷத்தில் எனக்கு அந்த விமானம் பிடித்துப் போயிற்று. ஏன் பிடித்தது என்று விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை.

நிஜ விமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்வது என்று முடிவு செய்தேன். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. மதுரைக்குப் போய்ப் பிளானைப் பெரிய பேப்பரில் பிரிண்ட் எடுத்தேன். பால்சா என்கிற லேசான மரத்தைக் கூரியரில் வரவழைத்தேன். இறக்கைக்குள்ளே விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கிற சட்டங்கள் ஒவ்வொன்றையும் பிளேடால் வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டினேன். இரண்டு இறக்கைக்கும் நடுவே மெல்லிய கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினேன். ஒரு கம்பி கூடுதலாக இறுகினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். ஆபீஸ் வேலை, அடுப்பு வேலை, துணி துவைக்கிற வேலை எல்லாம் போக மிச்சமிருந்த நேரத்தில் இதைச் செய்ய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இறக்கைக்குப் போர்த்துகிற துணியைத் தந்தது தேவிபிரியா. ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. அவள் வீட்டில் தறி ஓடுகிறது. விஷயத்தைச் சொன்னதும் அவள் "எதுக்கு?" என்று கேட்கவில்லை. "எத்தன மீட்டர்?" என்றுதான் கேட்டாள். அதற்காகவே அவளை எனக்கு ஆயுசுக்கும் பிடிக்கும்.

எங்கள் ஊரிலோ ஆளுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டு ராமலட்சுமி அக்கா, "இது ஒங்க கிறிஸ்மஸ் குடிலுக்கா ஷீலா?" என்றார். துணி விறைப்பாக நிற்பதற்காக நான் பூசிய வார்னிஷின் நெடி தாங்காமல் மாடு கத்துகிறது என்று சண்டைக்கும் வந்தார். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படிக்கிற என் மகன் சுஜின், "அம்மா, ரெடிமேடாவே கெடைக்குமே" என்றான். எல்லோரையும் மிஞ்சியவர் என் வீட்டுக்காரர் வேதமுத்து. பந்தல்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கு யாராவது வந்து முன்னறையில் கிடக்கிற விமானத்தைப் பார்த்தால் போதும், அவர்கள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்வார்.

"பையன் காலேஜு புராஜெக்ட்டு. இவ ஒத்தாசைக்கு ஒட்டிக் குடுக்கா."

முதல் தடவை கேட்டபோது நான் கரண்டியோடு அடுக்களையிலிருந்து வெளியே வந்து, "இது என்னோடது. சுஜினுக்கு இதுல ஒரு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது" என்றேன். வந்தவர் சிரித்தார். வேதமுத்துவும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்து முடித்துவிட்டு உரம் விலையைப் பேசப் போய்விட்டார்கள். ஒரு பொம்பளை தன் வீட்டு முன்னறையில் தானே ஒரு சாமானைச் செய்திருக்கிறாள் என்று சொல்ல இவ்வளவு கூச்சமா?

போன தை மாதக் கடைசியில் மஞ்சள் பெயிண்ட் அடித்து முடித்தேன். பயிற்சி விமானங்களுக்கு அடிக்கிற அதே மஞ்சள். மூக்கில் மோட்டார், வயிற்றில் பேட்டரி, கையில் ரிமோட். மேல் இறக்கையின் அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு துளி கீழே தாழ்ந்து, அப்படியே நின்றது. எடை சரி. ஐப்பசி மழை ஏமாற்றியதில் கண்மாய் காய்ந்து தரையாகக் கிடந்தது. அதில் ஒரு துண்டு இடத்தில் கருவேல முள்ளைப் பொறுக்கி, மண்கட்டிகளைத் தட்டி, ஓடுவதற்குப் பாதை செய்தேன். அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை. ஆபீஸுக்கு லீவு சொன்னேன். காற்று எழும்புவதற்கு முன்னால் காலையில் அதைப் பறக்கவிடுவது என்று திட்டம். வேதமுத்துவிடமும் சொன்னேன். "ம்" என்றார்.

அது ஒரு தடவையாவது பறக்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். பறக்காதவரைக்கும் நான் செய்தது ஒரு பெரிய பொம்மை. பறந்துவிட்டால் அது விமானம்.

ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. எங்கள் சபையில் அது பெரிய நாள். வயல்காட்டில் விளைந்ததில் முதல் பலனை ஒவ்வொரு குடும்பமும் கோயிலுக்குக் கொண்டுவரும். விளைச்சல் இல்லாதவர்கள் கோழி, முறுக்கு, கேக் என்று கையில் ஆனதைக் கொண்டுவருவார்கள். ஆராதனையின் நடுவே எல்லாவற்றையும் பவனியாக எடுத்துவந்து ஆல்டர் என்கிற பலிபீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். பிறகு வெளியே பந்தலில் ஏலம். ஆல்டரில் வைத்த பொருள் ஆண்டவருடையது. கொண்டுவந்தவர்களே ஆனாலும் ஏலத்தில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது. இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அன்று அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லோருக்குமான விருந்துக்கு, காய் வெட்டுகிற முறை எனக்கு. விடியும் முன்பே கோயிலுக்குப் போய்விட்டேன். "காணிக்கைய நான் கொண்டாரேன், நீ போ" என்று வேதமுத்து சொல்லியிருந்தார். எங்கள் மக்காச்சோளத்தைப் புழு தின்றுவிட்டது, அதனால் கடையிலிருந்து ஒரு மூட்டை அரிசி கொண்டுவருவார் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்தோடு கூட்டமாகப் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். பவனி உள்ளே வந்தது. முதலில் சோளக்கதிர். அடுத்து மிளகாய் வத்தல். அடுத்து என் விமானம்.

நான்கு பேர் நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். முன்னால் வெள்ளை வேட்டியில் வேதமுத்து, கூப்பிய கையோடு. மூக்கிலிருந்த காற்றாடியில் செவ்வந்தி மாலை சுற்றியிருந்தது. இரண்டு இருக்கைகளிலும் பலூன் செருகியிருந்தது. கீழ் இறக்கையின் மேல், நான் மூச்சுப்படாமல் துணி ஒட்டிய கீழ் இறக்கையின் மேல், யாரோ ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழத்தை வைத்திருந்தார்கள்.

என் வாயில் பாட்டு நின்றுபோயிற்று. எழுந்து ஓடிப் போய் அந்தப் பழத்தை எடுத்து எறிய வேண்டும்போல இருந்தது. ஆராதனைக்கு நடுவே எழ முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் தொடையில் தட்டி, "ஒங்க வீட்டுதான் டாப்பு" என்றாள். சபை முழுக்கத் திரும்பி விமானத்தைப் பார்த்தது, பிறகு வேதமுத்துவைப் பார்த்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஏதோ அவரே உட்கார்ந்து இழைத்து ஒட்டினதுபோல.

ஆசீர்வாதம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவரைப் பந்தலுக்குப் பின்னால் பிடித்தேன்.

"யாரக் கேட்டு எடுத்தீக?"

"மெதுவா பேசு. ஐயா நிக்காக."

"யாரக் கேட்டு எடுத்தீகன்னு கேட்டேன்."

"நம்ம வீட்டுப் பொருள்தான ஷீலா? நான் சபைக் கமிட்டிக்கு வந்து மொத வருசம். கோயில் காம்பவுண்டு சொவரு கட்ட கமிட்டில ஆளுக்கொரு பெரிய பொருளா வைக்கணும்னு பேச்சு. யாரும் கொண்டாராத பொருளா எங்க வீட்லருந்து வரும்னு நான் வாய விட்டுட்டேன். சோளக் காசுல வாங்கிறலாம்னு இருந்தேன், அது இப்பிடி ஆகும்னு கண்டனா?"

"அப்ப ஒங்க பைக்க வச்சிருக்கலாம்ல?"

"பைக்கு நெதம் தேவப்படுற பொருளு."

"இது?"

அவர் கூட்டத்தை எட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, "ஏலத்துல நாமளே எடுத்துருவம். எல்லாரும் செய்யிறதுதான? நான் கேக்கேன், நீ பேசாம இரு" என்றார். 

எனக்கு மனசு ஆறவில்லை. ஐயா என்று சபையே கூப்பிடுகிற எங்கள் குருவானவரிடம் போய்ச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷன்தான். "எனக்குத் தெரியாதேம்மா. அவுக ஒங்க ரெண்டு பேரு பேரையும் சொல்லித்தான வச்சாக. ஆல்டர்ல வச்சத எடுத்துக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஒங்க வீட்டுக்காரர் ஏலத்துல எடுத்துருவாருல்ல?" என்றார். எடுப்பார் என்று தலையாட்டிவிட்டுப் பந்தலுக்கு வந்தேன்.

எங்கள் ஏலத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு குரல். குடும்பத் தலைவர்தான் கேட்க வேண்டும். முன்பு யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றுதான் இருந்தது. ஒரு வருஷம் ஆண்கள் பக்கத்திலிருந்து ஞானதுரை அண்ணனும், பெண்கள் பக்கத்திலிருந்து அவர் பெண்சாதியும், ஒருவர் கேட்பது ஒருவருக்குத் தெரியாமல் ஒரே வான்கோழிக்குப் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் பார்த்தால் எதிராளி வேறு யாருமில்லை, அவர்கள் இரண்டு பேர்தான். ஊர் சிரித்தது. மறு வருஷம் கமிட்டி கூடி இந்தச் சட்டத்தைப் போட்டது. வான்கோழிக்குக் கூடுதலாகக் கேட்டவர் அண்ணன்தான், ஆனால் வாயடைத்தது பொம்பளைகளுக்கு. இந்த நியாயத்தை அன்றே கேட்டிருக்க வேண்டும்.

ஆம்பளை இல்லாத வீட்டுக்கு மட்டும் வேறு முறை. சபைக்கு மாதாமாதம் கட்டுகிற சந்தாவைக் குறிக்கிற அட்டை யாருடைய பேரில் இருக்கிறதோ அவளே கேட்கலாம். அவள் கேட்டதற்கு மேல் யாரும் ஏற்றிக் கேட்கக் கூடாது. புருஷன் இல்லாதவளோடு போட்டி போடுவது மரியாதை இல்லை என்பது ஊர் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. தெரசாள் அக்கா, புருஷன் செத்து ரொம்ப நாளாயிற்று, ஒரு சேவலை ஆரம்ப விலைக்குக் கேட்டார். அதுவரை சேவலுக்குத் துடித்துக்கொண்டிருந்த ஆண்கள் பக்கம் கப்சிப் என்று ஆனது. ஏலம் விடுகிற இம்மானுவேல் மூன்று தரம் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்து விமானத்தை மேஜை மேல் ஏற்றினார்கள். இம்மானுவேல் மைக்கைத் தட்டினார்.

"நம்ம வேதமுத்து குடும்பத்தோட காணிக்க! ஏரோப்ளேன்! வீட்ல வச்சா அழகு, பிள்ளைகளுக்கு வெளையாட்டு! ஐயாயிரம்! யாரு?"

வெளையாட்டு. சரி, போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முன் வரிசையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி கையைத் தூக்கினார். டிப்பர் லாரிகள் வைத்திருக்கிறவர். வேதமுத்துவைக் கமிட்டிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். "எட்டு" என்றார். பந்தல்குடிக் கடைக்காரர் ஒருவர் ஒன்பது என்றார். அண்ணாச்சி பத்து என்றார். நான் வேதமுத்துவைப் பார்த்தேன். அவர் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, பேரப்பிள்ளைக்கா?" என்று இம்மானுவேல் மைக்கிலேயே கேட்டார்.

"பேரப்பிள்ள பிச்சுப் போட்ருவான். புது வீட்டு போர்டிகோல மாட்டணும். நடு வயித்துல ரெண்டு போல்ட்டப் போட்டு, சீலிங்ல தூக்கிக் கட்டிட்டா, ரோட்ல போறவன் எல்லாம் நின்னு பாப்பான்."

நடு வயிற்றில் இரண்டு போல்ட். அந்த வயிற்றுக்குள்தான் வாலுக்குப் போகிற கம்பிகள் ஓடுகின்றன. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரருக்குத் தெரியும். நாளைக் காலையில் நான் அதைப் பறக்கவிடப் போகிறேன் என்று இந்தப் பந்தலில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

விலை பதினைந்துக்குப் போயிற்று. கடைக்காரர் விலகிக்கொண்டார். "பதினஞ்சு ஒரு தரம்" என்றார் இம்மானுவேல்.

வேதமுத்து அண்ணாச்சியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வாயைத் திறக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். "பதினாறு."

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. இம்மானுவேல் என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு, "அக்கா, அத்தான் கேக்கணும். சட்டம் தெரியும்ல?" என்றார்.

"கேளுங்க" என்றேன், வேதமுத்துவைப் பார்த்து. பந்தலே அவரைப் பார்த்தது.

அவர் கழுத்தைத் தடவினார். "அண்ணாச்சி ஆசப்பட்டுட்டாக. சபைக்குப் போறதுதான. விடு, ஷீலா" என்றார். சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்து, "சின்னப்பிள்ள கணக்கா" என்று சிரித்தார். நாலு பேர் கூடச் சிரித்தார்கள்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, சுத்தமான ஆத்திரம். பந்தலுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு "நான் கேக்கேன்" என்று சொன்ன வாய்தானே இது? இப்போது அதில் என்ன கொழுக்கட்டையா இருக்கிறது? அண்ணாச்சிக்கு முன்னால் பெண்சாதி பொம்மைக்காக ஏலம் கேட்டால் மானம் போய்விடுமாம். என்னைக் கேட்காமல் என் பொருளைத் தூக்கி வந்ததில் போகாத மானம்.

"பதினஞ்சு ரெண்டு தரம்."

"இம்மானுவேலு, நில்லு" என்றேன். "என் பேர்ல தனியா சந்தா அட்ட போடணும்னா யார்ட்ட சொல்லணும்?"

"என்னக்கா?"

"சந்தா அட்ட. தெரசாள் அக்காவுக்கு இருக்குல்ல, அது மாதிரி. நானும் சம்பாதிக்கேன். என்னயத் தனிக் குடும்பமா எழுதிக்கங்க. பேரு ஜெப ஷீலா. எழுதிட்டு என் கேள்விய எடுத்துக்கங்க. பதினாறு."

அசனப் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். எங்கள் சபையில் ஒரு பெண் தன் பேரில் அட்டை வாங்குவது இரண்டு காரணத்துக்குத்தான். ஒன்று, புருஷன் செத்திருக்க வேண்டும். இல்லை, விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

இம்மானுவேல் குருவானவரைத் திரும்பிப் பார்த்தார். குருவானவர் என்னைப் பார்த்து, "சபையில சேந்தவுக யாரு கேட்டாலும் அட்ட குடுக்கணும். சட்டத்துல ஆம்பள பொம்பளன்னு இல்ல" என்றார். "எழுதிக்கோ, இம்மானுவேலு."

"அப்ப, பதினாறு" என்றார் இம்மானுவேல். குரல் கம்மிவிட்டது. "ஒரு தரம்."

அண்ணாச்சியின் கை பழக்கத்தில் மேலே எழுந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். "தனிப் பொம்பளையோட கேள்வி. மேல கேக்கக் கூடாது" என்றார்.

"அட, அவ புருசன் இந்தா உக்காந்துருக்கான்ல?" என்றார் அண்ணாச்சி. அவருக்கும் கோபம்.

அப்போதுதான் வேதமுத்து எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "என்ன வெளையாட்டு இது? நான் உசுரோடதான இருக்கேன்!"

"இருக்கீகளா?" என்றேன். "எனக்குத் தெரியலயே. காலேல என் பொருளத் தூக்கிட்டு வரையில என்னயக் கேக்கல. இப்ப அது போகப் போகுது, அதுக்கும் சத்தத்தக் காணோம். உசுரோட இருந்தா கேளுங்க. பதினேழுன்னு சொல்லுங்க, நான் உக்காந்துக்கிறேன். இல்ல, எம் பொண்டாட்டி ரெண்டு வருசமா ஒக்காந்து செஞ்சது, விட்ருங்கன்னு அண்ணாச்சிட்ட சொல்லுங்க. அதுவும் வேணாம்னா, இது சுஜின் செஞ்சது இல்ல, ஷீலா செஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு. சபை கேக்கட்டும்."

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்ததைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அட்டையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பேன்.

அவர் உட்கார்ந்தார்.

"ரெண்டு தரம்" என்றார் இம்மானுவேல். கொஞ்சம் இழுத்துப் பார்த்தார், அவருக்காக. பிறகு, "மூணு தரம்."

வாழைப்பழத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மாலையைக் கழற்றினேன். கீழ் இறக்கையில் பழம் இருந்த இடத்தில் துணி லேசாகத் தொய்ந்திருந்தது, கிழியவில்லை. தெரசாள் அக்கா சேவலை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்து இறக்கையின் ஒரு நுனியைப் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேருமாக அதை எங்கள் வீடுவரை நடந்தே கொண்டுவந்து சேர்த்தோம்.

அன்றைக்கே தொய்ந்த துணியில் இன்னொரு கோட் வார்னிஷ் பூசி விறைக்க வைத்தேன். வேதமுத்து நெடியைப் பற்றிக்கூட வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் கண்மாய்க்குப் போனேன். பந்தலில் நடந்ததைக் கேள்விப்பட்டு ராமலட்சுமி அக்கா கூட வந்தார், மாட்டை ஓட்டிக்கொண்டு. காற்று இல்லை. மோட்டாரை முடுக்கினேன். விமானம் தத்தித் தத்தி ஓடியது, வால் தூக்கியது, அதற்குள் பாதை முடியப் போகிறதே என்று ரிமோட்டில் வேகத்தை முழுக்கக் கூட்டினேன். பாதையின் கடைசியில் சக்கரம் தரையை விட்டது. கருவேலங்காட்டுக்கு மேலே ஏறியது. மஞ்சளாக, இரண்டு அடுக்கு இறக்கையோடு, கம்பிகளில் காற்று விசிலடிக்க, என் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. நான் வாய் விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. இறங்கும்போது ஒரு துள்ளு துள்ளி, காற்றாடி மண்ணில் தட்டி ஒரு இதழ் முறிந்தது. அது போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். அக்கா, "ஆத்தி, நெசமாலுமே பறக்குது!" என்று கையைத் தட்டினார். கரை மேல் பைக்கை நிறுத்திக்கொண்டு வேதமுத்து நின்றிருந்தது திரும்பும்போதுதான் தெரிந்தது. அவர் இறங்கி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்த மாதக் கடைசியில் கோயிலில் மணியடித்துப் பெருக்கிச் சுத்தம் செய்கிற கோயில்பிள்ளை சந்தா அட்டைகளைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு. ஒன்றில் வேதமுத்து குடும்பம். இன்னொன்றில் ஜெப ஷீலா. வேதமுத்து இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். இப்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவரே, "எங்க வீட்ல செஞ்சது. பறக்கும்" என்கிறார். சொல்லட்டும். ஆனால் அவர் சொல்வதற்குள் அதை யார் செய்தது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, அதுதான் வித்தியாசம்.

"ஷீலா, கோவம் தீந்துச்சுல்ல? ஐயாட்ட சொல்லி இந்த அட்டைய ரத்து பண்ணிருவமா?" என்றார்.

"வேண்டாம்."

"ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு? ஊரு என்ன நெனைக்கும்? நான் செத்துட்டேன்னுல்ல அர்த்தம்?"

அவர் கையிலிருந்து என் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். "நான் இருக்கேன்னு அர்த்தம்."